மின்வண்டி ஊரில் எண்ணெய் மெஷின்கள்

கிருஷ்ணகிரியை மின்சார வண்டிகளின் மாவட்டம் என்றே சொல்லலாம். போச்சம்பள்ளியில் ஓலாவின் ஆலை 500 ஏக்கர் நிலத்தில் நிற்கிறது. ஓசூரில் ஏத்தர் 2021-இல் உற்பத்தியைத் தொடங்கியது. சூளகிரிப் பக்கம் சிம்பிள் எனர்ஜி வந்திருக்கிறது. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட்டை வெளியே அனுப்பிய ஓசூர் ஆலையிலிருந்துதான் இன்று ஐக்யூப் மின்ஸ்கூட்டர் வருகிறது. பெட்ரோல் டேங்க் இல்லாத, எஞ்சின் ஆயில் மாற்றத் தேவையில்லாத வண்டிகள் இவை.

ஆனால் இந்த வண்டிகளின் பாகங்கள் உருவாகும் இடம் வேறு மாதிரி இருக்கும். சிப்காட் தொழிற்பேட்டையின் உள்தெருக்களில் இருக்கும் டை காஸ்டிங், மோல்டிங், பிரஸ் பட்டறைகளுக்குள் நுழைந்தால் முதலில் வருவது சூடான எண்ணெயின் வாடைதான். மோட்டாரின் அலுமினிய உறையை வார்ப்பதும், ரப்பர் புஷ்ஷை வேகவைப்பதும், தகட்டை ஆழமாக இழுத்து வளைப்பதும் பெரும்பாலும் ஹைட்ராலிக் மெஷின்கள். மெஷினுக்குப் பக்கத்தில் சில நூறு லிட்டர் எண்ணெய்த் தொட்டி, அதன் தலையில் பம்ப், பம்ப்பைச் சுற்ற ஒரு மோட்டார், அங்கிருந்து கிளம்பும் கறுப்பு ஹோஸ்கள். இந்த மொத்தத்துக்கும் பட்டறைப் பெயர் பவர் பேக்.

மின்சாரம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் எண்ணெய் ஏன் போகவில்லை? இந்தக் கேள்விக்குப் பலரும் சொல்லும் பதில், பழைய மெஷின்கள், மாற்றப் பணமில்லை என்பது. அது பாதி உண்மை. மீதிப் பாதி இரும்பின் இயல்பிலும் காந்தத்தின் எல்லையிலும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் எண்ணெயை மொத்தமாகக் கைவிடச் சொல்வதும் தவறு, பழையபடியே பம்ப்பை ஓடவிடுவதும் தவறு. இரண்டுக்கும் சிறு முதலாளிகள்தான் விலை கொடுக்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஹைட்ராலிக் மெஷினும் மின்சாரத்தில் ஓடுவதுதான். மீட்டர் வழியாக வரும் மின்சாரம் மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் பம்ப்பைச் சுற்றுகிறது, பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது, எண்ணெய் சிலிண்டருக்குள் போய் ராமை, அதாவது தள்ளும் தண்டை, நகர்த்துகிறது. ஆகவே விவாதம் மின்சாரமா எண்ணெயா என்பதல்ல. மோட்டாரின் சுழற்சி ராமின் தள்ளலாக மாறும் இடைவழியில் எண்ணெய் வேண்டுமா, அல்லது திருகும் பல்சக்கரமும் போதுமா என்பதுதான்.

எண்ணெயின் பலத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். சாதாரணத் தொழிற்சாலை ஹைட்ராலிக்கில் 200 பார் அழுத்தம் புதுமையல்ல. ஸ்கூட்டர் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பாரைச் சுற்றித்தான் இருக்கும், அதைப்போல் நூறு மடங்கு. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனில், அதாவது ஏறக்குறைய உள்ளங்கை அகலமுள்ள பிஸ்டனில், இந்த அழுத்தம் சுமார் 16 டன் விசையைக் கொடுக்கும். பிஸ்டனின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் 64 டன். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டார். அதை வைத்து ஜோசப் பிராமா லண்டனில் 1795-இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று ஓசூரில் ஓடும் பிரஸ் அந்தக் கருத்திலிருந்து அதிகம் விலகவில்லை.

மோட்டாருக்கு வருவோம். மோட்டாருக்குள் விசை பிறப்பது அசையாத ஸ்டேட்டருக்கும் சுழலும் ரோட்டாருக்கும் நடுவில் உள்ள மெல்லிய காற்று இடைவெளியில். அங்கே இருக்கும் காந்தப்புலத்துக்கும் ஓர் அழுத்தம் உண்டு. புலம் 1 டெஸ்லா என்றால் அந்த அழுத்தம் சுமார் 4 பார். புலத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்றால், இரும்பு 2 டெஸ்லாவை நெருங்கும்போது நிறைவடைந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு மின்னோட்டம் கொடுத்தாலும் புலம் அந்த வேகத்தில் கூடாது. 2 டெஸ்லாவிலும் 16 பார்தான். ரோட்டாரைச் சுற்றப் பயன்படும் பக்கவாட்டு இழுவை இதிலும் சிறு பங்கு. தொடர்ந்து ஓடும் தொழிற்சாலை மோட்டாரில் அது 1 பாருக்கும் கீழே. எதிரில் எண்ணெய் 200 பாரில் நிற்கிறது. தோண்டும் இயந்திரங்களில் 350 பார்.

மோட்டார் செய்பவரின் திறமையால் இந்த இடைவெளியை அடைக்க முடியாது. இரும்பை விட்டுவிட்டு மீக்கடத்திக்குப் போனால்தான் கதை மாறும். அதை ஒரு பிரஸ் பட்டறையில் நாம் எதிர்பார்க்க முடியாது.

அப்படியென்றால் மின்சார மெஷின்கள் எப்படி விசை கொடுக்கின்றன? வேகத்தை விற்று விசையை வாங்குகின்றன. மோட்டார் நிமிடத்துக்கு 2000, 3000 சுற்று சுற்றும். அந்தச் சுழற்சியை ஒரு பால் ஸ்க்ரூ நேர்கோட்டு நகர்வாக மாற்றும். 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு தரும் சர்வோ மோட்டாரை, ஒரு சுற்றுக்கு 10 மில்லிமீட்டர் நகரும் ஸ்க்ரூவோடு இணைத்தால் சுமார் 3 டன் கிடைக்கும். உள்ளங்கை அகலப் பிஸ்டனின் 16 டன்னுக்கு ஈடுகட்ட அப்படி ஐந்தாறு மோட்டார் வேண்டும், அல்லது இடையில் பெட்டி பெட்டியாகப் பல்சக்கரம் வேண்டும். அந்த விசை முழுதும் ஸ்க்ரூவின் பள்ளத்தில் உருளும் சின்ன எஃகு மணிகளின் மேல்தான் உட்காரும். அதிர்ச்சிச் சுமை வந்தால் மணிகள் பள்ளத்தில் குழி விழச் செய்துவிடும். எண்ணெய்க்கு அந்தக் கவலை இல்லை. அழுத்தம் எல்லை மீறினால் ரிலீஃப் வால்வு திறந்துகொள்ளும், எண்ணெய் தொட்டிக்குத் திரும்பிவிடும், மெஷின் பிழைத்துக்கொள்ளும்.

இந்தப் போட்டியின் முதல் சுற்று நூறாண்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. அதில் மின்சாரம் வென்றது. லண்டனில் 1883-இல் தொடங்கிய ஒரு நிறுவனம் தெருவுக்கடியில் இரும்புக் குழாய் பதித்து, உயர் அழுத்தத் தண்ணீரை வீடு வீடாக விற்றது. லிஃப்ட், கிரேன், நாடக அரங்கின் மேடை என எல்லாம் அந்தத் தண்ணீரில் ஓடின. ஆற்றலைத் தொலைவுக்குக் கொண்டுபோக மின்கம்பியைவிட எளியது இல்லை என்று ஆன பின் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள், 1977-இல் கடை மூடப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்புதான் டவர் பாலத்தின் நீராவி, தண்ணீர் ஏற்பாட்டை அகற்றி, மின் மோட்டாரும் எண்ணெயும் சேர்ந்த ஏற்பாட்டைப் பொருத்தியிருந்தார்கள். தூரத்தைக் கடப்பது மின்சாரத்தின் வேலையானது. தூரம் முடிந்து கனத்தைத் தள்ளும் இடத்தில் எண்ணெய் தங்கிவிட்டது.

அந்த இடம் எதுவென்று பார்க்க டை காஸ்டிங் மெஷினைவிட நல்ல உதாரணம் இல்லை. மின்வண்டியின் மோட்டார் உறையும் கன்ட்ரோலர் பெட்டியும் பெரும்பாலும் அலுமினிய அழுத்த வார்ப்புகள். இந்தத் தொழில் ஓசூருக்குப் புதிதில்லை. சுந்தரம் கிளேட்டனின் வார்ப்பாலைகளில் ஒன்று இங்கே இருக்கிறது, அதைச் சுற்றிச் சிறிய வார்ப்புப் பட்டறைகளும் உண்டு. உருகிய அலுமினியத்தை ஒரு கரண்டி அளந்து சிலிண்டருக்குள் ஊற்றும். ஒரு பிளஞ்சர் முதலில் மெதுவாக நகர்ந்து உலோகத்தை டையின், அதாவது வார்ப்பு அச்சின், வாசல்வரை கொண்டுபோகும். பிறகு பாயும். நொடிக்கு 3, 4 மீட்டர் வேகம். டையின் உள்வெளி முழுவதும் நிரம்ப நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்தான் இருக்கிறது. தாமதித்தால் மெல்லிய சுவருள்ள பாகத்தில் உலோகம் பாதியில் உறைந்துவிடும், வார்ப்பு குப்பைக்குப் போகும்.

அந்தப் பாய்ச்சலுக்கு என்ன ஆற்றல் வேண்டும்? பிளஞ்சர் 20 டன் விசையோடு நொடிக்கு 4 மீட்டர் போகிறது என்று வையுங்கள். திறன் 800 கிலோவாட். ஒரு பட்டறை முழுவதற்கும் வாங்கியிருக்கும் மின் இணைப்பைவிட அதிகம். ஆனால் இது நீடிப்பது 0.05 நொடி. செலவாகும் மொத்த ஆற்றல் 40 கிலோஜூல். 20 கிலோவாட் மோட்டார் இரண்டே நொடியில் இதைச் சேர்த்துவிடும். ஒரு சுழற்சிக்கு ஒரு நிமிடம் எடுக்கும் மெஷினில் இரண்டு நொடி என்பது ஒன்றுமில்லை.

சேர்த்து வைக்கும் பாத்திரம்தான் அக்யுமுலேட்டர். மெஷினின் பின்பக்கம் நிற்கும் எஃகுக் குப்பி, அதற்குள் நைட்ரஜன். பம்ப் எண்ணெயைத் தள்ளத் தள்ள நைட்ரஜன் சுருங்குகிறது. வால்வு திறந்த கணத்தில் சுருங்கிய வாயு விரிந்து எண்ணெயைப் பாய்ச்சுகிறது. சிறிய மோட்டார் பொறுமையாகச் சேர்த்ததை ஒரே கணத்தில் செலவிடும் இந்த ஏற்பாட்டை என் கணக்கில் ஹைட்ராலிக்கின் ஆகப் பெரிய சாதனை என்பேன். இதையே நேரடி மோட்டாரில் செய்ய வேண்டுமானால் 800 கிலோவாட்டை அந்தக் கணத்தில் கொடுக்கும் டிரைவும், அதைத் தாங்கும் மின்தேக்கிகளும், பாயத் தொடங்கிய கனத்தை உடனே நிறுத்தும் ஏற்பாடும் வேண்டும். சிறிய மெஷின்களில் அது சாத்தியமாகிவிட்டது. பெரியவற்றில் இன்னும் எண்ணெயின் ராஜ்யம்தான்.

எண்ணெயின் இரண்டாவது பலம் அசையாமல் நிற்பது. ரப்பர் பாகங்களை வேகவைக்கும் பிரஸ்ஸில் டை மூடியபடியே பல நிமிடம் அழுத்தத்தில் இருக்க வேண்டும். சிலிண்டருக்குள் எண்ணெயை அடைத்து வால்வை மூடிவிட்டால் பம்ப்பை நிறுத்திவிடலாம். விசை இருக்கும், செலவு இருக்காது. மோட்டார் அப்படியல்ல. நின்ற இடத்தில் நின்று தள்ள வேண்டுமானாலும் சுருளில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அது வெப்பமாகிக்கொண்டே இருக்கும். நிறைகுடத்தைக் கையை நீட்டிப் பிடித்தபடி நிற்பவருக்கு வேலை எதுவும் நடக்காவிட்டாலும் தோள் கடுப்பது இதே காரணத்தால்தான். பிரேக் போட்டு அல்லது பின்னோக்கிச் சுழலாத திருகு வைத்துச் சமாளிக்கலாம். அப்போதும் ரப்பர் சூட்டில் விரியும்போது விசையை ஒரே அளவில் வைத்திருப்பது எண்ணெய்க்கு வரும் எளிமையோடு வராது.

கனம் என்றாலே எண்ணெய் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி 17 மீட்டர் உயரம் செங்குத்தாக எழுகிறது. நூற்றுக்கணக்கான டன் எடை. அதைத் தூக்குவது மின் மோட்டார்கள். கம்பிவடத்தின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடைகள் பாலத்தின் கனத்தைச் சமன் செய்துவிடுவதால் மோட்டாருக்கு உராய்வையும் காற்றையும் வெல்வதே வேலை. கனத்தைச் சமன்செய்ய முடிந்த இடத்தில் மின்சாரம் தாராளமாகப் போதும். வார்ப்பு டையையும் கருங்கல்லையும் எதிர் எடை போட்டுச் சமன்செய்ய முடியாது.

இனி எண்ணெயின் குறைகள். அவை சின்னவையல்ல.

பழைய பவர் பேக்கில் பம்ப் ஒரே வேகத்தில் சுற்றும். மெஷினுக்கு எண்ணெய் தேவைப்பட்டாலும் படாவிட்டாலும் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் வந்துகொண்டே இருக்கும். தேவையில்லாதபோது அந்த எண்ணெய் வால்வு வழியாக நெருக்கி ஓடித் தொட்டிக்குத் திரும்புகிறது, வாங்கிய மின்சாரம் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தைப் போக்க ஒரு கூலர், கூலருக்குத் தண்ணீர், தண்ணீரைச் சுற்ற இன்னொரு பம்ப். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2012-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், திரவ ஆற்றலில் ஓடும் கருவிகளின் சராசரித் திறன் 22 சதவீதம் என்று சொன்னது. நூறு யூனிட் உள்ளே போனால் எழுபத்தெட்டு வழியிலேயே போய்விடுகிறது. நல்ல சர்வோ மோட்டாரும் பால் ஸ்க்ரூவும் சேர்ந்த மெஷினில் எண்பதுக்குக் குறையாமல் வேலையாகும்.

ஓசூருக்கே உரிய ஒரு தொல்லையும் இருக்கிறது. இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதைவிட 400 மீட்டர் தாழ்ந்தது. மார்கழியில் ஓசூரில் முதல் ஷிஃப்ட் தொடங்கும்போது தொட்டியிலுள்ள எண்ணெய் 15 டிகிரியில்கூட இருக்கும். எண்ணெய் டின்னில் 46 என்று போட்டிருப்பது 40 டிகிரியில் அதன் பிசுக்கின் அளவு. 15 டிகிரியில் அது மூன்று நான்கு மடங்கு தடித்துவிடும். வால்வு சோம்பும், ராம் தயங்கும், மோல்டிங்கில் முதல் சில பாகங்கள் அளவு தவறும். மதியம் எண்ணெய் 55 டிகிரிக்கு வந்ததும் அதே செட்டிங்கில் மெஷின் வேறு மாதிரி நடக்கும். அனுபவமுள்ள ஆபரேட்டர்கள் காலையில் மெஷினைச் சும்மா ஓடவிட்டுச் சூடேற்றுவது இதற்காகத்தான். அந்தச் சூடும் மின்கட்டணத்தில்தான் வருகிறது. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் சித்திரை வெயிலில் தொல்லை தலைகீழாகும்: எண்ணெய் அறுபதைத் தாண்டும், ஆயில் சீல்கள் விறைத்து வெடிக்கும், அழுத்தம் ஏறாது.

சீல் போனால் கசிவு. ஒரு நொடிக்கு ஒரு சொட்டு என்றால் யாரும் பொருட்படுத்துவதில்லை, கீழே ஒரு தட்டு வைப்பார்கள். அந்தச் சொட்டுகள் ஒரு நாளைக்கு 4 லிட்டரைத் தாண்டும், ஆண்டுக்கு 1500 லிட்டர். வாங்கிய எண்ணெய் மண்ணிலும் கழிவுநீரிலும் போகிறது. இதைவிட முக்கியம் ஒன்று. அழுத்தத்தில் உள்ள ஹோஸில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் அதைக் கையால் தடவித் தேடவே கூடாது. அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து எண்ணெயை உள்ளே ஏற்றிவிடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலை, சிலசமயம் கையையே இழக்க நேரும். அட்டையோ மரத்துண்டோ வைத்துத்தான் தேட வேண்டும். ஹெல்பராகச் சேரும் பையனுக்கு முதல் நாள் சொல்லித்தர வேண்டிய பாடம் இது.

இந்தக் குறைகள் எல்லாம் தெரிந்த இடத்தில் மின்சாரம் ஏற்கெனவே வென்றிருக்கிறது. பிளாஸ்டிக் மோல்டிங்கில் முழு மின்சார மெஷின்கள் 1980களிலேயே ஜப்பானிலிருந்து வரத் தொடங்கின. சென்னைக்கு அருகே ஷிபௌரா நிறுவனத்தின் ஆலையில் இன்று அவற்றை இங்கேயே செய்கிறார்கள். மருத்துவப் பொருள், கனெக்டர், நுண்ணிய பல்சக்கரம் போன்றவற்றுக்கு மின்சார மெஷின்தான் சரி. ஸ்க்ரூ எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கும், காலையும் மதியமும் ஒன்றே, சுத்தமான அறையில் எண்ணெய்ப் புகை இல்லை. தகடு வளைக்கும் பிரஸ் பிரேக்கிலும் நூறு டன்வரை மின்சாரத்துக்குச் செல்வாக்கு கூடிவருகிறது. அதற்கு மேல் டன்னேஜ் ஏற ஏற விலை பாய்ந்து ஏறும், மறுபடி எண்ணெய் லாபமாகும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி பிறந்தது. எண்ணெயை வைத்துக்கொள், பம்ப்பின் மோட்டாரை மட்டும் மாற்று. ஒரே வேகத்தில் சுற்றும் பழைய மோட்டார் இருந்த இடத்தில் சர்வோ மோட்டார். அழுத்தமானி சொல்லும் அளவுக்கேற்ப அது வேகம் கூட்டும், குறைக்கும், தேவையில்லாதபோது நின்றேவிடும். முப்பது நொடிச் சுழற்சியில் பிளாஸ்டிக் குளிர்வதற்கே பதினைந்து நொடி போகிற மோல்டிங் மெஷினில், பாதி நேரம் பம்ப் சும்மா நிற்கும். எண்ணெய் சூடாவது குறைவதால் கூலரும் ஓய்வெடுக்கும், சீலும் நீடிக்கும். மெஷினின் இரைச்சலே மாறிவிடும்: இடைவிடாத முழக்கம் போய், வேலை வரும்போது மட்டும் எழும் உறுமல். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளை வாட்டிய மின்வெட்டு, ஒவ்வொரு யூனிட்டையும் எண்ணிப் பார்க்கும் பழக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. அதற்குப் பின் வந்த புது மெஷின்களில் சர்வோ பம்ப் வழக்கமாகிவிட்டது என்பதில் வியப்பில்லை.

கணக்குப் பாருங்கள். சராசரியாக 9 கிலோவாட் இழுக்கும் ஒரு மெஷின், மாற்றிய பின் 5 கிலோவாட் இழுக்கிறது என்போம். நாளைக்கு 20 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 24,000 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் 1,92,000 ரூபாய். ஒரு மெஷினுக்கு இவ்வளவு. ஆனால் சுழற்சி முழுவதும் எண்ணெய் கேட்டுக்கொண்டே இருக்கும் மெஷினில் இந்த மிச்சம் வராது. விற்க வருபவர் எல்லா மெஷினுக்கும் ஒரே சதவீதத்தைச் சொன்னால் நம்ப வேண்டாம்.

பட்டறையை விட்டுக் கதைகளுக்குள் நுழைந்தால் எண்ணெயும் இல்லை, பால் ஸ்க்ரூவும் இல்லை. ஓசூரிலிருந்து கூப்பிடு தூரத்தில், பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தபடி சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’வின் ஜீனோ துள்ளி ஓடும் இயந்திர நாய். 2010-இல் வந்த ‘எந்திரன்’ படத்தின் சிட்டி மின்சாரத்தைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ரயிலுக்கு ஈடாக ஓடுவான். 1984-இல் வெளிவந்த பேட்டில்டெக் என்ற அமெரிக்க விளையாட்டு இன்னும் வெளிப்படையானது. அதில் வரும் ராட்சத இயந்திர மனிதர்களின் கைகால்களில் மையோமர் என்ற கற்பனை இழை இருக்கும். மின்னோட்டம் பாய்ச்சினால் தசைபோல் சுருங்கும், பல டன் இழுக்கும். பம்ப் வேண்டாம், ஹோஸ் வேண்டாம், கசிவு இல்லை.

அப்படி ஓர் இழை வந்தால் நான் மேலே சொன்ன காந்த எல்லை பொருளற்றுப்போகும். அதனால்தான் ஆய்வகங்கள் விடாமல் தேடுகின்றன. நிட்டினால் என்ற நிக்கல் டைட்டானியம் கம்பி 1960 வாக்கில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் அறியப்பட்டது. மின்னோட்டத்தால் சூடாக்கினால் சுருங்கும். குறுக்குப் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர் உள்ள கம்பி 20 கிலோவைத் தாராளமாக இழுக்கும். அழுத்தக் கணக்கில் எண்ணெயைவிடப் பத்து மடங்கு. ஆனால் ஒரு மீட்டர் கம்பி 4 சென்டிமீட்டர்தான் சுருங்கும். மறுபடி நீள அது குளிர வேண்டும், அதற்குக் காத்திருக்க வேண்டும். கொடுத்த மின்சாரத்தில் சில சதவீதமே வேலையாகிறது. 2014-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் ரே பாக்மனின் குழு, சாதாரண மீன்பிடி நைலான் நரம்பை முறுக்கிச் சுருளாக்கித் தசை செய்தது. அதே எடையுள்ள மனிதத் தசையைவிட நூறு மடங்கு கனத்தைத் தூக்கியது. அதற்கும் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வேண்டும், திறன் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது 2018-இல் கொலராடோவில் கிறிஸ்டோஃப் கெப்ளிங்கரின் குழு செய்தது. மெல்லிய பிளாஸ்டிக் பை, அதற்குள் மின்காப்பு எண்ணெய், இரு பக்கமும் மின்முனை. சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால் மின்முனைகள் ஒன்றையொன்று இழுத்து எண்ணெயைப் பையின் மறுபக்கத்துக்குப் பிதுக்கும், பை சுருங்கும். சூடாக்க வேண்டாம், கண்ணிமைக்கும் வேகம். மின்சாரத் தசையைத் தேடிப் போனவர்கள், விசையைப் பரப்ப மூடிய பையில் எண்ணெயைத்தான் அடைத்தார்கள். பாஸ்கல் விதி அங்கேயும் வேலை செய்கிறது.

நிஜ ரோபோ ஒன்று எதிர்த்திசையில் போனது. குட்டிக்கரணம் அடித்து உலகப் புகழ் பெற்ற பாஸ்டன் டைனமிக்ஸின் அட்லஸ், 2013 முதல் ஹைட்ராலிக்கில் இயங்கியது. 2024 ஏப்ரலில் அதற்கு விடை கொடுத்தார்கள். மறுநாளே முழு மின்சார அட்லஸைக் காட்டினார்கள். விடைகொடுத்த காணொளியில் அந்த ரோபோ எண்ணெயைப் பீச்சி விழும் காட்சிகளும் இருந்தன. நடக்கும் இயந்திரத்துக்கு ஒரு மூட்டில் 16 டன் தேவையில்லை. கார்த் தொழிற்சாலைத் தரையில் எண்ணெய் சொட்டாமல் நடப்பதும், இரைச்சலில்லாமல் நாள் முழுதும் உழைப்பதும்தான் தேவை.

மாவட்டத்தின் கருங்கல் குவாரிகளில் இந்தக் கேள்வி அடுத்த கட்டத்துக்குப் போகப் போகிறது. பாரடைசோ என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போகும் அலைக்கோடுள்ள கல் இந்த மண்ணினுடையது. பாறையிலிருந்து பெருங்கட்டியைப் பிரிப்பது வைரமணி கோத்த கம்பி ரம்பம். அதை இழுத்துச் சுற்றுவது மின் மோட்டார். வேகமும் தொடர்ச்சியும் வேண்டிய வேலை, மோட்டாருக்குப் பொருத்தமானது. பிரிந்த கட்டியைப் புரட்டுவதும் தூக்குவதும் கழிவுக்கல்லை உடைப்பதும் டீசல் எஞ்சினும் ஹைட்ராலிக்கும் சேர்ந்த எக்ஸ்கவேட்டர். எல்லைக்கு அப்பால் கோலார் தங்கவயலில் பெமல் நிறுவனம் இப்படிப்பட்ட இயந்திரங்களைப் பல பத்தாண்டுகளாகச் செய்கிறது. பெங்களூரில் 1976-இல் தொடங்கிய யூக்கன் இந்தியா பம்ப்பும் வால்வும் செய்கிறது. சமையல் எண்ணெயில் தொடங்கிய விப்ரோ ஹைட்ராலிக் சிலிண்டர்களும் செய்கிறது. எண்ணெய் பற்றிய அறிவு இந்த எல்லைப்பகுதிக்குப் பக்கத்து வீட்டுச் சொத்து.

எக்ஸ்கவேட்டரை பேட்டரிக்கு மாற்றுவது டீசலை எடுத்துவிட்டு பேட்டரியை வைப்பதோடு முடிவதில்லை. உயர்த்திய கை கீழே இறங்கும்போது அதன் எடை தரும் ஆற்றல் முழுவதும் வால்வில் நெரிபட்டு எண்ணெயைச் சூடாக்கி வீணாகிறது. ஒரே பம்ப் பல சிலிண்டர்களுக்கு ஊட்டும்போது, குறைந்த அழுத்தம் கேட்கும் சிலிண்டருக்குப் போவதும் வால்வில் நெரிந்துதான் போகிறது. டீசல் கையில் இருந்தவரை இப்படி வீணாவதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. டேங்க்கை நிரப்பினால் போதும். பேட்டரி வந்தால் ஒவ்வொரு வீணுக்கும் பேட்டரியின் எடையும் விலையும் கூடும். 2022-இல் பாப்கேட் நிறுவனம் ஹைட்ராலிக்கையே முழுதாக நீக்கி, மின்சாரச் சிலிண்டர்கள் பொருத்திய சிறிய லோடர் ஒன்றைக் காட்டியதற்கு இந்தக் கணக்குதான் காரணம். அது சிறிய இயந்திரம். குவாரியில் கட்டி புரட்டும் இயந்திரத்தின் அளவில், பேட்டரிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் எண்ணெய் இருக்கும் என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் தனி சர்வோ பம்ப், இறங்கும் கை அதே பம்ப்பைப் பின்னோக்கிச் சுற்றிப் பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் ஏற்பாடு என்று அது மாறும்.

அந்த மாற்றத்தைத் தாங்கப்போகிறவர்கள் பற்றித்தான் எனக்குக் கவலை. இன்று ஹைட்ராலிக் ஃபிட்டர் ஒருவர், எலக்ட்ரீஷியன் ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கிறது. சர்வோ பம்ப்பில் அழுத்தம் ஏறவில்லை என்றால் காரணம் சீலிலும் இருக்கலாம், அழுத்தமானியிலும் இருக்கலாம், டிரைவின் அளவுருவிலும் இருக்கலாம். ஃபிட்டர் எலக்ட்ரீஷியனைக் காட்டுவார், எலக்ட்ரீஷியன் ஃபிட்டரைக் காட்டுவார், மெஷின் நிற்கும். எண்ணெயின் சுத்தத்தையும் டிரைவின் அலைவடிவத்தையும் ஒருவரே படிக்கத் தெரிந்தவராக வர வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி ஐடிஐகளில் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக் கற்பிக்கும் பாடம் எவ்வளவு விரைவில் வருகிறதோ அவ்வளவு நல்லது.

மெஷின் மாற்றப் பணம் இல்லாத பட்டறையும் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. பம்ப் மோட்டாரின் கேபிளில் கிளாம்ப் மீட்டரை மாட்டி ஒரு முழுச் சுழற்சியைப் பாருங்கள். டை மூடும்போது, பாய்ச்சும்போது, குளிரும்போது, திறக்கும்போது எத்தனை ஆம்பியர் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் சும்மா சுற்றும்போதும் கணிசமான ஆம்பியர் காட்டும், ஆகவே கூடவே அழுத்தமானியையும் பாருங்கள். குளிரும் நேரத்திலும் முள் உச்சத்தில் நின்றால், ரிலீஃப் வால்வு வழியாக முழு அழுத்தத்தில் எண்ணெய் திரும்பிக்கொண்டிருக்கிறது. சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள அன்லோடிங் வால்வு ஒன்றைப் பொருத்தி, குளிரும் நேரத்தில் எண்ணெயை அழுத்தமில்லாமல் தொட்டிக்குத் திருப்பினாலே சர்வோ தரும் மிச்சத்தில் ஒரு நல்ல பங்கு கைக்கு வந்துவிடும்.